மங்கல் எழுத்துக்கு ட்யூஷன்

முதலில் மன்னித்துவிடுங்கள். மூளையைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். வாராவாரம் இந்தப் பத்தியில் சமையலும் மார்க்கெட்டும் எழுதுவது வேறு... ஆனால் போன வாரம் எங்கள் வீட்டில் பேச்சே அதுதான்.

என் கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு தூறல் காலை. சாம்பல் நிற மழைக்கோட்டில் சாலையைக் கடந்த சிறுமியை அவர் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ட்டி கத்தினார். பிரேக் பிடித்தது. ஒரு கை இடைவெளி.

அன்றே லீவு போட்டார். ஃபேரர் பார்க் வட்டாரத்துக் கிளினிக்கில் கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கினேன்.

பரீட்சை என்றால் இந்த ஊர்க்காரர் என்ன செய்வார்? ட்யூஷன்தானே. கண் சார்ட் ஒன்றை அச்சடித்து ஹாலில் ஒட்டினார். வெள்ளைத் தாளில் கன்னங்கரிய எழுத்துகள். பரிசோதனைக்குப் போன இடத்திலும், பெயரைக் கூப்பிடும்வரை அதை மடியில் விரித்து முறைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த சார்ட் வேறு. எல்லா எழுத்தும் ஒரே அளவு. கீழே போகப் போக மங்கிக்கொண்டே வரும். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டார்.

"அங்கிள், அதுக்குக் கீழ?" என்றார் பரிசோதித்த பெண்.

"கீழ வெறும் பேப்பர்தானம்மா இருக்கு."

எனக்கு இன்னும் நான்கு வரி தெரிந்தது.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இதையா பாத்துட்டு இருந்தீங்க? அழுத்தமான கறுப்பு வெள்ளையையே பாத்தா, பார்வைக்குன்னு மூளையில இருக்கற செல்லுங்க அதுக்குப் பழகிடும் அங்கிள். ரேடியோ வால்யூமைக் குறைக்கற மாதிரி. அப்புறம் கொஞ்ச நேரம் மங்கலானது தெரியாது. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

"ஆகலேன்னா?" என்றேன்.

"கண் நரம்பைப் பாக்கணும் ஆன்ட்டி. நாளைக்கு வாங்க. ப்ராக்டிஸ் வேணாம் லா."

வெளியே வந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு. "பாத்தியா, ஓவரா படிச்சதுதான் தப்பு."

"ஸ்கூல்ல அந்தத் தப்பைச் செஞ்சதே இல்லையாமே நீங்க."

சிரித்தார். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வெளிச்சம் கெடுத்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நடந்தார். கோயில் வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன் — கோளாறு மூளையின் பழக்கமாகவே இருக்கட்டும், நரம்பாக வேண்டாம். அம்மனிடம் இப்படி யாராவது கேட்டிருப்பார்களா?

பளிச்சென்று இருப்பதற்கே பழகினால் மங்கலானது தவறிவிடும். கண்ணுக்கு மட்டுமா? சில மாதங்களாகவே அவர் படிகளைக் காலால் தடவித்தான் இறங்குகிறார். தினமும் கூட இறங்குகிற எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் போனோம். அப்போதும் இரண்டாவது வரியோடுதான் நின்றார். மதியம் பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.