போலீஸ் நிற்க எடுத்த ரத்தம்

குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்டு வருகிறவர்களிடம் டாக்டர் ரத்தம் எடுப்பார், குப்பியைப் போலீஸ் வாங்கிப்போகும், திட்டு மட்டும் தாதிக்கு வரும். அவசரப் பிரிவில் என்னைப்போல் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிட் இல்லாத பஞ்சு

போலீஸ் கேஸ் என்றால் ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கமாட்டோம். துடைத்தால், போதை பஞ்சில்தான் இருந்தது என்று வக்கீல் வாதாடுவார். செடெனாக் பக்கம் காரைக் கால்வாயில் இறக்கி, தோள் எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவருக்கு இது பிடிக்கவில்லை. வாயைத் திறந்தாலே பீர் நாற்றம். "ஸ்பிரிட் போடாம குத்துறீங்க, கிருமி ஏறிட்டா யார் பொறுப்பு மிஸ்ஸி?"

முதலாளி விசாரித்தது

சாஆ என்ற ஊரைச் சேர்ந்த லோரி டிரைவர் ஒருவர், செம்பனைக் குலை ஏற்றி வந்தவர், மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தொழிலாளியை மோதிவிட்டார். லோரி கவிழ்ந்து டிரைவருக்குத் தொடையெலும்பு முறிந்தது. அடுத்த கட்டிலில் கிடந்த தொழிலாளிக்கு ஒரு கால் போய்விட்டது. சம்சு சாராயம் குடித்தது தெரிந்தும், "இன்னும் ஒரு லோடுதான்" என்று முதலாளி அனுப்பியதாக டிரைவர் அழுதார். முதலாளியும் வந்தார். டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "குடிச்சிருந்தா கேஸ் அவன் மேலதான லா? கம்பெனிக்கு ஒன்னும் இல்லல்ல?"

நீட்டிய கை

டாக்டர் ஊசியோடு வந்ததும் டிரைவரின் மனைவி குறுக்கே வந்து நின்றார். மூன்று பிள்ளைகள். புருஷனுக்கு ஜெயில், லைசென்ஸும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் கையை நீட்டினார். கால் போனவரின் தாயார் பக்கத்துக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். "என் ரத்தத்த எடுத்து அவர் பேர எழுதிருங்க மிஸ்ஸி, நான் வாசம்கூட பாத்ததில்ல."

குளுவாங் சந்தையில்

எலும்பு கூடும்வரை சட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு டிரைவர் நொண்டிக்கொண்டே கோர்ட்டுக்குப் போனார். ஜெயில், லைசென்ஸும் ரத்து. அந்த லோரியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். கால் போனவர் வீட்டார் நஷ்டஈட்டுக்காக இன்னும் வக்கீலிடம் நடக்கிறார்கள்.

டிரைவரின் மனைவி சந்தையில் மீன் வெட்டுகிறார். நான் செய்தது சரி, இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அவரைப் பார்த்ததும் அடுத்த கடைப்பக்கம் திரும்பினேன். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒரு பொய் எழுதியிருந்தா நாங்க நாலு பேரு சாப்பிட்டிருப்போம் மிஸ்ஸி."

குடித்தவர் ஒருவர், அனுபவிப்பது இரண்டு குடும்பம், தப்பித்தவர் முதலாளி, திட்டு மட்டும் வழக்கம்போலத் தாதிக்கு.