ஆர்.சி. புத்தகத்தில் ஒரு சந்தனப் பொட்டு

செங்கல்பட்டு கோர்ட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். என் வக்கீலுக்குப் பிடிக்காத ஒரு குணம் எனக்கு உண்டு. கையில் எந்தக் காகிதம் வந்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பேன், முகர்ந்துகூடப் பார்ப்பேன். "நீ குமாஸ்தாவா, மோப்ப நாயாய்யா?" என்பார். அந்தக் குணம் ஒரு வழக்கைக் குட்டிச்சுவராக்கப் பார்த்த கதை இது.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு காலையில் கடப்பாக்கத்திலிருந்து கோவிந்தம்மா என்பவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அங்கே மீன் எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களுக்குப் போடுகிறவர். அதற்காக ஆறு மாதம் முன்பு ஏகாம்பரம் என்ற செங்கல்பட்டுக்காரரிடம் பழைய லோடு வேன் ஒன்றை வாங்கியிருந்தார். முந்தின நாள் திருவிடந்தை அருகே பைனான்ஸ் கம்பெனி ஆட்கள் நான்கு பேர் வேனை மறித்திருக்கிறார்கள். ஏகாம்பரம் டியூ கட்டவில்லையாம். ஐஸ் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மீனு அத்தினியும் பூடுச்சு சார். அது போவட்டும். வண்டி இல்லன்னா ஓட்டல்காரன் வேற ஆளப் பாத்துக்குவான். ஒரு வாரம் தாங்குவான், அவ்ளோதான். அப்பால என் பொழப்பே இல்ல."

அந்தக் காலத்தில் பழைய வண்டி வாங்குகிற பலரும் உடனே பெயர் மாற்ற மாட்டார்கள். விற்றவரிடம் பாரங்களில் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே ஓட்டுவார்கள். கோவிந்தம்மாவும் அப்படித்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் ஒருமுறை போயிருந்தால் கடன் அன்றே தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம் அவர் கையில் இருந்தது. கடனில் எடுத்த வண்டி என்றால் அதில் எச்.பி. முத்திரை குத்தியிருப்பார்கள். வக்கீல் புரட்டிப் பார்த்தார், முத்திரை இல்லை. 'புத்தகத்தில் கடன் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை' என்று, வண்டியைத் திருப்பிக் கேட்டுக் கோர்ட்டில் போட உற்சாகமாக அபிடவிட் சொல்ல ஆரம்பித்தார். நான் டைப் அடித்தேன்.

அடித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். உள்ளே ஒரு பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தது. கை சும்மா இருக்குமா? நகத்தால் சுரண்டினேன். சந்தனம் உதிர உதிர, ஊதா மையில் ஒரு முத்திரை எழுந்து வந்தது. எச்.பி.

"இன்னா அண்ணே, சாமி பொட்டப் போய் சொரண்டுற?" என்றார் கோவிந்தம்மா. அவர் கவலை அதுவாக இருந்தது.

வக்கீல் எழுந்தே விட்டார். "இப்ப கம்பெனிக்காரன், முத்திரையப் பாத்துட்டே வாங்குனாங்கன்னு சொல்லுவான். மேல பொட்டு இருந்துச்சுன்னு நாம சொல்லணும். அந்தப் பொட்டு எங்கய்யா? உன் நகத்துல கீது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி குடைந்தது. ஆயுத பூஜைக்குப் புத்தகத்தின் அட்டையில் பொட்டு வைப்பார்கள். உள்ளே, அதுவும் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எந்த ஊரில் வைப்பார்கள்?

கோவிந்தம்மாவிடம் கேட்டேன்.

"வாங்கறப்பவே இருந்துதுண்ணே. ஏகாம்பரந்தான் சொன்னாரு, பூஜ போட்டு வெச்சிகீறேன், அழிச்சிடாதம்மா, வண்டிக்கு ஆவாதுன்னு. சாமி பொட்ட யாருனா அழிப்பாங்களா?"

அவர் கொண்டுவந்த பையைக் கொட்டிக் கடைசிக் காகிதம் வரை பார்த்தேன். விற்பனை ஒப்பந்தம் கிடைத்தது. அதைக் கோர்ட் வாசல் நோட்டரி ஒருவரிடம் போட்டிருந்தார்கள். மனிதர் சரியான நச்சுப்பிடித்தவர். புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கி, தேதியோடு சீல் குத்தியிருந்தார். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸில், பொட்டு இருந்த இடத்தில் பெரிய கறுப்புத் திட்டு. அதற்குக் கீழேயே ஏகாம்பரத்தின் கையெழுத்து. அந்த நோட்டரியைக் கும்பிடலாம் போல இருந்தது.

அபிடவிட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி ஸ்டேஷனில் மோசடிப் புகார் கொடுத்தோம். இன்ஸ்பெக்டர் ஏகாம்பரத்தை வரவழைத்து, புத்தகத்தையும் ஜெராக்ஸையும் அருகருகே வைத்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"அட்டைய வுட்டுட்டு உள்ள எதுக்குய்யா பொட்டு வெச்ச?"

ஏகாம்பரம் கேஸுக்குப் பயந்து பாக்கி டியூவைத் தானே கட்டி முடித்தார். வேன் வெளியே வரப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் இரண்டு ஓட்டல்கள் வேறு ஆளிடம் போய்விட்டன. மூன்று காத்திருந்தன. அது போதும் என்றார் கோவிந்தம்மா.

எச்.பி. ரத்தாகி, பெயரும் மாறிய பிறகு வேனிலேயே கோர்ட்டுக்கு வந்தார். அட்டையில் சின்னதாக ஒரு பொட்டு வைத்த புத்தகத்தை என்னிடம் நீட்டி, "உள்ள நல்லாப் பாத்துக்கோண்ணே, நீதான் வுடமாட்டியே" என்று சிரித்தார். நான் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டே கொடுத்தேன்.

பழைய வண்டி வாங்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரிஜிஸ்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள், பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உள்பக்கத்தில் பொட்டு இருந்தால் சாமி குற்றம் என்று பயப்படாமல் சுரண்டிப் பாருங்கள். சுரண்டும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.