அறுபது அடி ஆழத்தில் தொண்ணூற்றெட்டு டிகிரி

இப்படிப்பட்ட கதைகள் இருட்டில்தான் நடக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது நல்ல வெயிலில். ஆகஸ்ட் மாதம், காலை ஏழு மணிக்கு மேல். இதில் உள்ள நேரமெல்லாம் என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவி நோரீனே பாதியைத்தான் நம்புகிறாள். மீதிப் பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை.

என் பெயர் லீலண்ட். டென்னசியில் டக்கர் அணைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறேன். நோரீனின் அண்ணன் ஹார்லன் மீன்பிடி கைடு. வெளியூர் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்ட்ரைப்பர் பிடிக்க வைப்பது அவனுடைய இருபது வருடத் தொழில். ஸ்ட்ரைப்பர் என்றால் வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் பெரிய மீன். ஒரு சின்னப் பையன் எடை இருக்கும். பிடித்தவன் சாகும்வரை அதைப் பற்றியே பேசுவான்.

அந்தக் கோடையில் ஒருவரும் அப்படிப் பேசவில்லை. மூன்று வாரமாக மழை இல்லை. தண்ணீர்த்தேக்கம் வெந்நீர் அண்டா மாதிரி கிடந்தது. ஸ்ட்ரைப்பருக்குச் சூடு ஆகாது. குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போனால் அங்கே தண்ணீரில் மூச்சுக்குக் காற்று இருக்காது. குளிர்ச்சியும் காற்றும் சேர்ந்து கிடைக்கிற இடம், அடியில் ஊற்று சுரக்கிற இடம் மட்டும்தான். மொத்த ஏரியில் அது ஒரு வீட்டு முற்றம் அளவு இருந்தால் அதிகம். அதைக் கண்டுபிடிக்க முடியாத மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

ஹார்லன் நான்கு முறை ஆட்களைக் கூட்டிப்போய் வெறும் கையோடு திரும்பியிருந்தான். சனிக்கிழமை நாக்ஸ்வில்லிலிருந்து ஆறு பேர் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி எனக்கு போன் செய்தான்.

"மாப்ள, நாளைக்குக் கூட வா. தனியா போக எனக்குப் பிடிக்கல."

இருபது வருடமாகத் தனியாகப் போகிறவன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காலை 5.20க்குப் படகை இறக்கினோம். நோரீன் கட்டிக்கொடுத்த, இறைச்சி வைத்த சாசேஜ் பிஸ்கட் ரொட்டியில் மூன்றை நான் முடித்திருந்தேன்.

"அடேய், எனக்கு ஒண்ணாவது மிச்சம் வை. உன்னை மீன் பிடிக்கக் கூப்பிட்டேனா, தின்னக் கூப்பிட்டேனா?"

"மீன்தான் இல்லையே மச்சான். இதையாவது முழுசாச் செய்வோம்."

அவன் சிரிக்கவில்லை.

அணை வளைவைத் தாண்டினோம். பதினொரு வருடத்துக்கு முன்னால் டெல்மர் பிராக்கின் படகு ஆளில்லாமல் மிதந்துவந்து நின்ற இடம் அது. டெல்மர் ஹார்லனுடைய சிநேகிதன். இருவரும் ஒன்றாகத்தான் கைடு தொழில் தொடங்கினார்கள். அன்றைக்கு ஹார்லன் உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்திருந்ததாகச் சொன்னான். வளைவைச் சுற்றிப் பன்னிரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. டெல்மரின் மனைவி இமோஜீன் இன்றுவரை கல்லறைக் கல் நட விடவில்லை.

வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஹார்லன் தொப்பியைக் கழற்றுவான். அன்றைக்குக் கழற்றவில்லை. வேகத்தைக் கூட்டினான்.

ஏழு மைல் மேலே போய், ஏரியின் குறுகலான ஒரு கிளைக்குள் படகைத் திருப்பினான். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. அவன் எதையும் தேடவில்லை. அடியில் இருக்கும் மீனைக் காட்டும் சோனார் திரையைக்கூடப் பார்க்கவில்லை. இடது கரையில் ஒரு வெள்ளைப் பாறை. அதற்கு நேரே வந்ததும் எஞ்சினை நிறுத்தினான்.

"இங்கதான்."

"எப்படித் தெரியும்? மீன் உனக்குக் கடுதாசி போட்டுச்சா?"

"வெப்பமானியை இறக்கு."

நீளமான கேபிளின் நுனியில் எடை கட்டிய வெப்பமானி. அடிக்கு அடி கோடு போட்டிருக்கும். மறுமுனை படகிலுள்ள சின்னத் திரையில் போய்ச் சேரும். இறக்கினேன். மேலே 88 டிகிரி ஃபாரன்ஹீட். முப்பது அடியில் 80. நாற்பதில் 74. ஐம்பதைத் தாண்டியதும் எண் மடமடவென்று விழுந்தது.

அறுபது அடி. 61 டிகிரி.

"மச்சான்! ஊற்று!"

சோனாரைப் பார்த்தேன். அடியில் மீன்கள், வளைவு வளைவாக, ஒன்றின்மேல் ஒன்று, இருக்க இடமில்லாமல். ஏரியின் மொத்த ஸ்ட்ரைப்பரும் அங்கேதான் இருந்தது. நான் கத்தினேன். ஹார்லன் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான்.

6.40. நான்கு தூண்டில்களில் உயிர் இரையை மாட்டி ஐம்பத்தைந்து அடிக்கு இறக்கினோம்.

ஒன்றும் கடிக்கவில்லை.

பசியோடு கிடக்கும் மீன்கள். மூக்குக்கு நேரே இரை. இருபது நிமிடம் ஆயிற்று... ஒரு தொடல்கூட இல்லை.

மேலே இழுத்துப் பார்த்தேன். இரை மீன் உயிரோடு இருந்தது. ஆனால் துடிக்கவில்லை. என் கையில் அசையாமல் கிடந்து வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

இரைத் தொட்டியைத் திறந்தேன். வட்டத் தொட்டி. உள்ளே மீன்கள் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்குச் சுற்றவில்லை. நாற்பது மீனும் தலையைக் கீழே குத்தி, தொட்டியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றன.

"ஹார்லன்... இதைப் பாரு."

அவன் வரவில்லை. "திரையைப் பாரு" என்றான்.

7.15. சோனாரில் மீன்கள் விலகிக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு நடுவில், எங்கள் படகுக்கு நேர் கீழே, ஒரு வெற்றிடம். ஓர் ஆள் நிற்க இடம் விட்டதுபோல.

அப்போது வெப்பமானியின் எண் மாறியது.

61... 61... 98.

"கெட்டுப்போச்சு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

இரண்டு அடி மேலே தூக்கினேன். 61. மறுபடி இறக்கினேன். 98. எஞ்சின் ரிப்பேர்காரன் நான். கெட்டுப்போன கருவி எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். அது இப்படி நடந்துகொள்ளாது.

ஹார்லன் என் கையிலிருந்து கேபிளை வாங்கினான். விரல் நுனியால் பிடித்தான். வீட்டில் யாராவது காய்ச்சலில் கிடந்தால் நாடி பிடிப்போமே, அப்படி.

"தொட்டுப் பாரு மாப்ள."

தொட்டேன்.

டுப்... டுப்...

டுப்... டுப்...

அலை அப்படி அடிக்காது. மீன் அப்படி இழுக்காது. என் முதுகில் வெயில் சுட்டது. எனக்குப் பல் கிட்டியது.

"பதினோரு வருஷமாச்சு" என்றான் ஹார்லன். "இன்னும் சூடாத்தான் இருக்கான்."

"யாரு?"

"டெல்மர்."

அவன் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்.

"நான் வீட்ல படுத்திருக்கல. இங்கதான் இருந்தேன். ரெண்டு படகையும் சேத்துக் கட்டியிருந்தோம். குடிச்சிருந்தோம். வெயில் தாங்கலன்னு குதிச்சான். கீழ போனவுடனே குளிரு அவனைப் புடிச்சிருச்சு. கையைத் தூக்கினான். நான் போகல."

"ஏன்டா..."

"பயம். நானும் முங்கிருவேன்னு பயம். வெளிய சொன்னா, குடிச்சிட்டு ஆளை விட்டுட்டான்னு கைடு லைசென்ஸைப் புடுங்கிருவாங்கன்னு பயம். அதுதான்டா. வேற ஒண்ணுமில்ல. குமிழி வந்துச்சு லீலண்ட். நின்னுரும் நின்னுரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நிக்கவே இல்ல. அவன் படகை அவுத்துவிட்டுட்டு நான் கிளம்பறப்பவும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

7.38. கேபிள் விறைத்தது.

எடை கூடியிருந்தது. ஹார்லன் இழுக்க ஆரம்பித்தான். கை மாற்றிக் கை மாற்றி, மெதுவாக.

ஐம்பது அடி. எண் 98.

நாற்பது அடி. அங்கே 74 இருக்க வேண்டும். 98.

"மேல வர்றான்" என்றான். அழுதுகொண்டிருந்தான். "புடி மாப்ள! நீயும் புடி!"

பிடித்தேன். சத்தியமாகப் பிடித்தேன். கனத்தது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். மயங்கி விழுந்த என் அப்பாவை ஒருமுறை படியேற்றியிருக்கிறேன். அதே கனம்.

முப்பது அடி.

டுப். டுப். டுப். இப்போது வேகமாக.

இருபது.

பச்சைத் தண்ணீருக்கடியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது...

அது கையா என்று எனக்குத் தெரியாது.

விரல்கள் விரிந்தது மட்டும் தெரியும்.

மீன் அறுக்கும் கத்தி பலகையில் கிடந்தது.

எடுத்தேன்.

வெட்டினேன்.

7.52.

ஹார்லன் பின்னால் விழுந்தான். வெளுப்பு இறங்கியது. வேகமாக இல்லை. நம்மைப் பார்த்துக்கொண்டே படியிறங்கும் ஆள்போல இறங்கியது. பிறகு பச்சைத் தண்ணீர்தான்.

ஹார்லன் செருப்பை உதறிவிட்டு விளிம்புக்குப் பாய்ந்தான். இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி, அவன்மேல் உட்கார்ந்தேன். என் முகத்தில் குத்தினான். விடவில்லை.

"வந்துட்டான்டா... வந்துட்டான்டா பாவி..."

அவனை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் எஞ்சினைக் கிளப்பினேன். கிளையை விட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

வெப்பமானித் திரை எரிந்துகொண்டிருந்தது. வெட்டுப்பட்ட கேபிள் என் காலடியில் கிடந்தது. அதன் முனையில் ஒன்றுமில்லை.

திரையில் 98.

அணை வளைவு வரும்போது 97.

8.31க்குக் கரை தொட்டோம். 96. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 95. பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குமேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஹார்லன் வெறுங்காலோடு நேரே ஷெரீஃப் ஆபீசுக்கு நடந்தான். பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் சொன்னான். வெள்ளைப் பாறையைச் சொன்னான். அன்று காலை நடந்ததைச் சொல்லவில்லை.

முக்குளிப்பவர்கள் மதியம் இறங்கினார்கள். 3.20க்கு டெல்மரைக் கொண்டுவந்தார்கள். அறுபது அடியில், பழைய முள்வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்தானாம். பக்கத்தில்தான், சிக்கிக் கிடக்கவில்லை. குளிர்ந்த ஊற்று நீர் உடலைக் கெடாமல் வைத்திருக்கும், சில நேரம் அப்படி நடப்பதுண்டு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இமோஜீன் முகத்தைப் பார்த்தவுடனே அடையாளம் சொன்னாள். கேபிளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹார்லனின் வழக்கு இன்னும் நடக்கிறது. ஒன்றாம் தேதிதோறும் நோரீன் அவனைப் பார்க்கப் போகிறாள். என்னிடம் அவன் பேசுவதில்லை. "அப்படி என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?" என்று அவனையும் கேட்டாள், என்னையும் கேட்டாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் டாக்டர் கீல் என் பட்டறைக்கு வந்தார். டெல்மரின் உடலைப் பரிசோதித்த அம்மா அவர். தன் படகு எஞ்சின் இருமுகிறது என்றார். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் போகவில்லை. கதவைச் சாத்தினார்.

"லீலண்ட், நான் ரிப்போர்ட்ல எழுதாத ஒண்ணு இருக்கு. எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கரைக்குக் கொண்டுவந்தவுடனே உடம்புச் சூட்டை எடுத்தேன். பழக்கம், அவ்வளவுதான். தண்ணி 61 டிகிரி. பதினோரு வருஷம் கிடந்த உடம்பும் 61தானே இருக்கணும்? உள்ள 74 இருந்துச்சு. மூணு தடவை எடுத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன், புதுசா செத்தவங்களுக்குப் போடற கணக்கு."

அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"அந்த ஆள் செத்தது அன்னைக்குக் காலைல. எட்டு மணி வாக்குல."

நான் துணியை மடித்துப் பலகையில் வைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் அப்ப அங்கதானே இருந்தீங்க. ஏதாவது நடந்துச்சா?"

"இல்ல டாக்டரம்மா" என்றேன். "மீன் பிடிச்சிக்கிட்டிருந்தோம்."