நாய்க்கு வைத்த நீலக்கோட்டுத் தட்டு

மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருஷம். நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். என் அக்கா கிளேபாங் கடலோரத்தில் ஒரு டென்மார்க் துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

துரையின் தங்கை டென்மார்க்கிலிருந்து வந்து சில மாதம் தங்கியிருந்தார். அங்கே ஒரு பீங்கான் ஆலையில் தட்டுகளுக்கு நீலக்கோடு வரைபவர். துரை வீட்டுத் தட்டுகளும் அந்த ஆலையில் செய்தவைதான். அடுப்படியில் உட்கார்ந்து, அரைகுறை மலாயில் அக்காவிடம் ஆலையின் கதையைச் சொன்னார். அந்தக் காலத்து ராணி ஒருத்தியின் ஆதரவில் தொடங்கியதாம். பூக்கோலத்தைச் சீனப் பீங்கானைப் பார்த்துப் பழகினார்களாம். தட்டின் அடியிலுள்ள மூன்று அலைகள் அவர்கள் நாட்டுக் கடல்வழிகளாம். பக்கத்தில் இருப்பது வரைந்தவரின் குறியாம். சொல்லிவிட்டு, ஒரு தட்டில் சோறு போட்டு அக்காவைச் சாப்பிட வைத்தார்.

அடுப்படி வாசலில் நின்று துரையின் மனைவி, மேம், பார்த்துவிட்டாள். அந்தத் தட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். நாத்தனார் கப்பலேறிய மறுநாள், அதில் நாய்க்குச் சோறு வைத்தாள்.

அக்கா தட்டைக் கழுவினாள். பகல் சாப்பாட்டு மேசையில் மேமுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"நான் சாப்பிட்ட தட்டு மேம். இப்ப நாயும் சாப்பிட்டுடுச்சு. நான் அதுக்கும் கீழயா?" என்று மலாயிலேயே கேட்டாள்.

"வெளியே போ!" என்று மேம் கத்தினாள். துரை பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வீட்டில் அப்பா குதித்தார். "துரை வீட்டு வேல லேசுல கெடைக்குமா? போயி மன்னிப்புக் கேளு!"

"அவங்க வந்து எங்கிட்ட கேக்கட்டும்" என்றாள் அக்கா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒங்க மகள நாயோட சேத்து வச்சிருக்காங்கப்பா!"

"மெதுவாப் பேசுடா. பக்கத்து வீட்டுல கேக்கும்."

மேம் செய்ததைவிட அப்பாவின் அந்த வார்த்தைதான் என்னை அதிகம் சுட்டது.

அக்காவைத் திமிர் பிடித்தவள் என்று மேம் ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். வேறெந்தத் துரை வீட்டிலும் அவளை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலைக்குப் போனாள். சோப்புக் காரத்தில் விரல்கள் வெடித்தன.

மெர்டேக்கா அன்று, சுதந்திர நாள் காலையில், அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு கொண்டாட்டம் பார்க்க எங்களைத் திடலுக்குக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க. எனக்கு வேல இருக்கு" என்று அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அப்பா தனியாகத்தான் திடலுக்குப் போனார். நான் அக்காவோடு நடந்தேன்.