பந்தல்கடை லூசியாவும் பிள்ளைத்தாச்சி அம்மனும்

கூட்டேரிப்பட்டு சாலையோரத்தில் லூசியாவின் பந்தல் கடை இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, ஷாமியானா, அண்டா, சீரியல் விளக்கு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாணமோ கருமாதியோ, மயிலத்துக்கும் ஒலக்கூருக்கும் நடுவில் எங்கே கூட்டம் கூடினாலும் அவருடைய குட்டி யானை வண்டி முதலில் போய் நிற்கும். அவரே ஓட்டுவார். நாற்காலிகளை இறக்கியதும் ஊர்க்காரர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க ஊர்ல பழைய கல்லு எதுனா இருக்குதா?"

இந்தப் பழக்கம் நாலு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் தொற்றிக்கொண்டது. ஓய்மாநாட்டு வரலாற்று வட்டம் என்று ஓர் அமைப்பு. ஆண்டுக் கூட்டத்துக்கு லூசியாவிடம் நூறு நாற்காலி எடுத்தார்கள். வந்தவர்கள் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அளவு. கூட்டம் முடிந்து நாற்காலிகளை ஏற்ற வேண்டுமே என்று அவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் ஒரு நடுகல் வந்தது: கையில் வில், காலடியில் மாடு. லூசியா கையைத் தூக்கினார்.

"சார், இதே மாதிரி ஒண்ணு ஒரு மண்டபத்துக்குப் பின்னால சாஞ்சிக் கெடக்குது. நான் அதும்மேலதான் ஒயர் பொட்டிய வைக்கிறது."

வட்டத்தின் தலைவர் அடைக்கலராஜ் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலையிலேயே லூசியாவின் வண்டியில் ஏறிக்கொண்டார். கல் அங்கே இருந்தது. மாடு, வில் எல்லாமே இருந்தன. அன்றிலிருந்து லூசியா வட்டத்தின் உறுப்பினர். வாரம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர் கண்ணில் படுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேடப் போகிறவர்கள் கண்ணில் படுமா?

இந்த ஆடியில் அவர் கண்ணில் பட்டதுதான் பெரிய சமாச்சாரம்.

ஒலக்கூர் பக்கம் புளியங்கரை. அங்கே கூழ் ஊற்றும் விழாவுக்குப் பல வருஷமாக லூசியாதான் பந்தல். ஊரின் தெய்வம் பிள்ளைத்தாச்சி அம்மன். பெரிய வயிறோடு கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த கற்சிலை. கர்ப்பிணிகள் வந்து வளையல் போடுவார்கள். சிலைக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் சேலை, அதற்கு மேல் மாலை. முகத்தையும் வயிற்று மேட்டையும் தவிர எதையும் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு முதல் முறையாகப் பூசாரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பழைய மஞ்சளைத் தேங்காய் நாரால் தேய்த்தார். விளக்கு மாட்ட ஏணியில் நின்ற லூசியா மேலிருந்து பார்த்தார். தோளுக்குப் பக்கத்தில் ஒரு கொடி. கொடியில் காக்கை. அந்தப் பக்கம் ஒரு துடைப்பம். ஒரு புறம் மாட்டு முகத்தோடு ஒரு மகன், மறு புறம் ஒரு மகள்.

ஏணியில் நின்றபடியே படம் எடுத்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அரை நிமிஷத்தில் அடைக்கலராஜ் கூப்பிட்டார்.

"லூசியாம்மா, அது தவ்வை. பல்லவர் காலத்து வேலை மாதிரி தெரியுது. எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?"

"தவ்வைன்னா?"

"லட்சுமிக்கு அக்கா. அந்தக் காலத்துல ராஜாங்களே கும்பிட்ட சாமி. இப்பதான் மூதேவின்னு ஒதுக்கி வச்சிட்டோம்."

லூசியாவின் சந்தோஷம் அந்த இடத்தில் நின்றது. போன வருஷம் வேறொரு ஊரில் இதே தெய்வத்தை மூதேவி என்ற பேரில் வட்டம் அடையாளம் கண்டது. செய்தி பரவிய ஒரு வாரத்தில் சிலை காணாமல் போனது. ஊர்க்காரர்களே ஏரியில் குப்புறப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இன்னும் கிடைக்கவில்லை.

"சார், யாரும் வெளிய சொல்லக் கூடாது. மொதல்ல ஊர்ப் பொம்பளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அடைக்கலராஜ் சரி என்றார். ஆனால் குழுவில் மரிய அருண் என்ற உறுப்பினர் அதற்குள் அந்தப் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். மேலே எழுதியிருந்தது: 'மூதேவி சிலை கண்டுபிடிப்பு.' எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தார். அதற்குள் புளியங்கரையின் எல்லாப் போனுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை லூசியா ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. புளியங்கரையிலிருந்து புனிதா. ஏழு மாதக் கர்ப்பிணி.

"யக்கா, டிராக்டர் வந்துக்கினு இருக்குது. சாமிய ஏரியில போடப் போறாங்களாம். ஜல்தியா வாங்க."

ஏற்றிய நாற்காலிகளோடு வண்டி பறந்தது. கோயிலுக்குப் போகும் தெரு ஒரு வண்டி அகலம்தான். டிராக்டர் உள்ளே நுழையுமுன் லூசியா தன் வண்டியைத் தெருவின் குறுக்கே நிறுத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கோயில் வாசலில் ஊரே நின்றது. ஆளாளுக்குக் கத்தினார்கள். தர்மகர்த்தா சீனுவாசன் கையில் கயிறு.

"வந்துட்டாங்கப்பா கண்டுபுடிச்சவங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரி, உனுக்கு எங்க சாமி மேல இன்னாமே அக்கறை?"

"அக்கறை இன்னாண்ணா, உங்க ஊரு திருவிழாவுக்கு நான்தான் சேர் போடுறேன். சாமி போச்சின்னா எனுக்கு ஆர்டர் போச்சி."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். கூட்டத்தை லூசியாவுக்குத் தெரியும். நிற்கிற கூட்டம் அடித்துக்கொள்ளும். உட்கார்ந்த கூட்டம் பேசும். வண்டியின் பின்கதவைத் திறந்து நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட ஆரம்பித்தார்.

"பேசறது பேசுங்க. உக்காந்து பேசுங்க."

ஆண்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். உட்கார்ந்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தார்கள் போல. பெண்கள் உட்கார்ந்தார்கள். முன்வரிசை முழுக்க அவர்கள். நடுவில் அஞ்சம்மாள். சீனுவாசனுக்கு அண்ணி, புனிதாவுக்கு மாமியார்.

சீனுவாசன் பேசினார். "என் பேத்திக்கு ரெண்டு வரன் தட்டிப் போச்சி. மல்லாட்டை வெளைச்சல் படுத்துச்சி. ஏன்னு இப்பதான் தெரியுது. மூதேவிய நடு ஊர்ல வச்சிக் கும்புட்டுக்கினு இருக்கிறோம். புது அம்மன் செய்யச் சொல்லிட்டேன். லட்சணமா இருக்கும்."

"கொழுந்தனாரே," என்றார் அஞ்சம்மாள். "உன் பொண்ணுக்கு ஆறு வருஷமா புள்ள இல்லன்னு இந்த வாசல்லதான படுத்துக் கெடந்தே? அவ ரெட்டைப் புள்ள பெத்தாளே, அது யாரு குடுத்தது?"

"அது அப்ப, அண்ணி. அப்ப யாருன்னு தெரியாது."

"அவளுக்கு உன்னைத் தெரிஞ்சிதான குடுத்தா?"

சீனுவாசன் கயிற்றை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "அது மூதேவி, அண்ணி. படத்துல போட்டிருக்கான் பாரு. காக்கா, தொடப்பம் எல்லாம் வச்சிக்கினு."

"தொடப்பம் என் கையிலயுந்தான் இருக்குது. இன்னைக்கிக் காலையில இந்தக் கோயில் வாசலப் பெருக்குனது யாரு, நீயா?" அஞ்சம்மாள் எழுந்து பெண்கள் பக்கம் திரும்பினார். "என் மாமியா சாகிற வரைக்கும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. ஏ மூதேவி, தண்ணி எடுத்தாந்தியா. ஏ மூதேவி, சோத்துக்கு ஒலை வச்சியா. இவரு அண்ணனும் அப்பிடித்தான். இங்க உக்காந்துக்கினு இருக்கிறவள்ல எவளையாச்சும் வாழ வந்த வூட்ல அப்பிடிக் கூப்புடாம இருந்தாங்களா? இருந்தா கையத் தூக்குங்கடி."

ஒரு கையும் எழவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்னால் வரைக்கும் ஓடி வந்தது.

"அப்ப எங்களையும் டிராக்டர்ல ஏத்திக்கோ. ஏரியில எடம் இருக்குதான்னு பாத்துட்டு வா."

இப்போது ஆண்களும் சிரித்தார்கள். சீனுவாசன் மட்டும் சிரிக்கவில்லை. பூசாரியைப் பார்த்தார். பூசாரி தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மூன்றாவது நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசாரி சிலையின் மேல் கைவைக்க மாட்டேன் என்று தலையாட்டினார்.

"பேஜாரு பண்றீங்க எல்லாரும்," என்று சொல்லிக் கயிற்றை டிராக்டர்காரரிடம் எறிந்தார் சீனுவாசன். "நாளைக்கு எதுனா ஆச்சின்னா என்னைக் கேக்கக் கூடாது."

"உன்னை யாரு கேக்கப் போறா? அவளத்தான் கேப்போம்," என்றார் அஞ்சம்மாள்.

டிராக்டர் பின்னால் நகர்ந்து தெருமுனை திரும்பியது. அந்தச் சத்தம் தேயும்வரை லூசியாவின் கை இடுப்புச் சாவியை விடவில்லை. பிறகு அடைக்கலராஜைக் கூப்பிட்டார். டிராக்டர் விஷயம் கேள்விப்பட்டு அவர் ஏற்கனவே ஒலக்கூரைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்.

வட்டத்துக்காரர்கள் வந்து இறங்கியபோது அஞ்சம்மாள் நிபந்தனை போட்டார். படம் எடுக்கலாம், அளக்கலாம், பலகையும் வைக்கலாம். பலகையில் மேலே பிள்ளைத்தாச்சி அம்மன் என்றுதான் இருக்க வேண்டும். கீழே அவர்கள் வரலாற்றை எழுதிக்கொள்ளலாம். அடைக்கலராஜ் மூன்று முறை சரி என்றார். மரிய அருண் யார் முகத்தையும் பார்க்காமல் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டார்.

பெண்கள் தாங்களே சேலையைக் களைந்து, ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சளையும் கழுவினார்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. காக்கையின் அலகு தெரிந்தது. சேலை மடிப்பு தெரிந்தது. புனிதா குனிந்து, மாட்டு முகப் பையனை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யக்கா, இவன் பேரு இன்னா?"

"மாந்தன்," என்றார் லூசியா. அடைக்கலராஜிடம் அப்போதுதான் கேட்டு வைத்திருந்தார்.

"தங்கச்சி?"

"மாந்தி."

புனிதா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "சாமி கும்புடறது கும்புடறேன். பேரு மட்டும் நான் வேற பாத்துக்கிறேன்க்கா."