பேரிட்டின் உள்பை

குழாயை வெந்நீரில் அலசி, இரண்டு உதறு உதறி, குளியலறைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் பேரிட் காபிக்கு வருவாள். வரும்போதே ஸ்வெட்டருக்கு மேலாக வலப்பக்க அடிவயிற்றைத் தட்டிக்கொடுத்து, "சமத்து" என்பாள். எங்கள் படகுச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரைச் சொல்கிறாள் என்று சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். நாங்கள் பழகிவிட்டோம், பார்ப்பதில்லை.

"உங்க பையெல்லாம் தோள்ல தொங்குது, மழையில நனையுது. என் பை உள்ளே இருக்கு. யாராலயும் திருட முடியாது" என்பாள், கேட்காதவர்களிடமும்.

அவளுக்கு இருபத்தைந்து வயதில் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிவிட்டது. கோத்தன்பர்க் நகர டாக்டர்கள் அதை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்தார்கள். அதற்கு வால்வும் அவளுடைய குடல்தான். வெளியே தெரிவது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்னப் பஞ்சுத்துணி, அவ்வளவுதான். தானாக எதுவும் வராது. நாளைக்கு நாலைந்து தடவை அவளே குழாயை உள்ளே விட்டு வடித்துக்கொள்ள வேண்டும்.

பேரிட் ஓய்வுபெறும்வரை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். நான் அவளிடம் கற்றது ஆபரேஷனுக்கு முந்தைய வருஷம். அந்த வருஷத்து மாணவர்களுக்கு நகரத்தில் தெரிந்த வழியெல்லாம் கழிவறை உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து இன்னொரு பெட்ரோல் பங்க்குக்குப் போகிற வழிதான். ஒரு நாள் டிராம் தண்டவாளத்தின் மேலேயே "நிறுத்து!" என்று கத்திவிட்டு இறங்கி ஓடினாள். பின்னால் டிராம்காரன் மணியடித்துக்கொண்டே இருக்கிறான், வண்டியை எடுக்க எனக்குப் பயம். திரும்பி வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "நேரத்துக்குப் போய்ச் சேர முடியல. மன்னிச்சுக்கோ" என்றாள். மன்னிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பதினெட்டு வயது, காரின் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அதே பேரிட் மாணவர்களை மலைப்பாதையில் நார்வே எல்லைவரை ஓட்டவிட்டாள். வழியில் ஒரு கழிவறையைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். "மூணு மணி நேரம்! என் வயிறு என் பேச்சைக் கேட்டுச்சுடி!" என்று போனில் கத்தினாள். ஆபரேஷன் நடந்த தேதியில் ஒவ்வொரு வருஷமும் பாதாம் மாவாலான பச்சை மார்சிபன் போர்த்திய கேக் ஒன்றை அந்த வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். தைத்த டாக்டர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இப்போதிருக்கும் நர்சுகளுக்கு எதற்கு இந்தக் கேக் என்றே தெரியாது. "அதனாலென்ன, சாப்பிடறாங்கல்ல?" என்பாள்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் அவளுடைய வயிற்றுக்கு இல்லாத இடமா? காளான் குழாயை அடைக்கும், சோளம் கூடவே கூடாது, ஆரஞ்சைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்பிவிட வேண்டும்: எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். என் கணவன் கென்ட் சிரித்துச் சமாளிப்பான். துறைமுகப் பொறுப்பாளர் ஸ்டூரே மட்டும் எழுந்துவிடுவார். எழுபதைத் தாண்டிய சிடுமூஞ்சி மனிதர்.

"சாப்பிடற நேரத்துல எங்களை உன் வயித்துக்குள்ள கூட்டிட்டுப் போகாதே பேரிட்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் படகுக்கே போய்விடுவார்.

"போனா போ. உனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ!" என்று பேரிட் முதுகுக்குப் பின்னால் குரல் கொடுப்பாள். அருவருப்பு பிடித்த ஆள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

போன மே மாதம் சங்கத்தின் தீவில் வேலை நாள். கோடை தொடங்குமுன் எல்லோரும் படகில் போய் படகுத்துறை மேடைப் பலகைகளை மாற்றி, குடிலுக்கு வண்ணம் அடித்து, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். வராதவனை ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவோம். அன்றைக்குக் குளியலறைக்கும் வண்ணம் அடித்துக்கொண்டிருந்ததால், காலையில் கழுவிய குழாயை பேரிட் வெளியே கயிற்றில் மாட்டியிருந்தாள். பக்கத்திலேயே படகுக் கயிறுகளும் தண்ணீர்க் குழாய்களும் தொங்கின.

மதியம் மேற்குக் காற்று கிளம்பியது. காலைவரை எந்தப் படகும் திரும்ப முடியாது என்று ஸ்டூரே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பேரிட் கயிற்றடியில் நின்று தேடியதைப் பார்த்தேன்.

"கென்ட், இங்க ஒரு குழாய் இருந்துதே?"

"அதுவா? அருமையான குழாய்! கேன்லேர்ந்து வேலைப் படகுக்கு டீசல் மாத்தினேன். ஒரு சொட்டு சிந்தல."

"டீசலை எப்படி இழுத்தே?"

"வாயாலதான். வேற எப்படி இழுக்கறது?"

பேரிட் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "கென்ட், அது என்னோடதுடா" என்றாள். கென்டின் முகம் வெளுத்தது. நேராகக் கடலுக்குப் போய் உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தான், கொப்பளித்துக்கொண்டே இருந்தான். கழுவியது டீசலையா மற்றதையா என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "வேற ஒண்ணு வெச்சிருப்பியே?" என்றேன்.

"வெச்சிருக்கேன். கார்ல. கார் அக்கரையில."

டீசலில் ஊறிய குழாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். நாற்றம் போகவில்லை. அதை உள்ளே விடுவது குடலைக் கொளுத்துகிற வேலை. சாயங்காலம் மேசையில் உருளைக்கிழங்கு மசியலும் சாசேஜும் வந்தன, பேரிட் தட்டைத் தள்ளி வைத்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு கல்லாகிக்கொண்டிருந்தது. நிமிரும்போது மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வால்வு ஒரு தடவை நழுவி, மறுபடி திறந்து தைத்திருந்தார்கள். பையை நிரம்பி முட்டவிடக் கூடாது, இன்னொரு தடவை நழுவினால் தைக்க இடமில்லை என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அதற்கப்புறம் பையை எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"வெளிப்பை மாட்டிக்கிட்டு எத்தனையோ பேரு நல்லா வாழறாங்க. நானும் வாழ்வேன்" என்றாள் என்னிடம், மெதுவாக. "ஆனா இது எனக்கு வாழ்க்கையைத் திருப்பிக் குடுத்த பைடி. ஒரு முட்டாள்தனத்துக்காக இதைப் பறிகொடுக்கணுமா? கயித்துல மாட்டினது நான்தானே."

நான் கென்டை முறைத்தேன். அவன் மீட்புப் படகைக் கூப்பிடப் போனை எடுத்தான். வருவார்கள்தான், ஆனால் அந்த அலையில் அந்த வயிற்றோடு அவளைப் படகில் குலுக்கிக் கொண்டுபோனால் அந்த வால்வு தாங்குமா?

"கொஞ்சம் பொறு" என்றது ஸ்டூரேயின் குரல். வழக்கம்போலத் தன் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எப்போது வந்தாரோ தெரியவில்லை. பிரிக்காத உறைகளில் நீளமான மெல்லிய குழாய்கள் மூன்றை மேசைமேல், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

"புதுசு. சுத்தமானது. உன்னோடதைவிட மெல்லிசு. தண்ணி நிறைய விட்டு இளக்கினா வரும்னு நினைக்கிறேன்." காதுவரை சிவந்திருந்தார். "எனக்குச் சிறுநீர் தானா இறங்காது, இதாலதான் எடுக்கணும். பல வருஷமாச்சு. அவ்வளவுதான்."

பேரிட் உறைகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "நன்றி ஸ்டூரே" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, இந்த பேரிட்!

நானும் கூடப் போனேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, காத்திருந்து, வடித்து, மறுபடி விட்டு… குழாய் இரண்டு தடவை அடைத்தது. மூன்றாவது உறைதான் கடைசி, அதையும் பிரித்தோம். அதில்தான் இறங்கத் தொடங்கியது. அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "இறங்குதுடி. போதும், காலைவரை தாங்கும்" என்றாள். நான் அழுதுவிட்டேன். "அன்னிக்கு மாதிரி கண்ணாடியைச் சரிபண்ணாம இருக்கியே, அதுவே பெரிசு" என்று என்னைத் திட்டினாள்.

நாங்கள் மேசைக்குத் திரும்பியபோது ஸ்டூரே மறுபடி மசியல் வாங்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தார், படகுக்குப் போவதா இருப்பதா என்று தெரியாதவராக. பேரிட் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உட்காரு, மசியல் ஆறிப்போகுது" என்றாள். அவர் உட்கார்ந்தார். எதிரில் என் கணவன் கென்ட், எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாதவன், "ஏன் ஸ்டூரே, அப்போ நீ இத்தனை நாளா…" என்று ஆரம்பித்தான். உடனே "ஆ" என்று நிறுத்திக்கொண்டான். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பேரிட்டின் வலது கால் அவன் பூட்சின் மேல் இருந்தது. ஒரு கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு, ஸ்டூரே கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை அவள் அந்தக் காலை எடுக்கவில்லை.