பாஸ்போர்ட்டுக்கு ஒரு ரம்புட்டான்

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழி. பழக்கடையின் தகரக் கூரைமேல் உட்கார்ந்து ஒரு குரங்கு என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. என் துணிப்பையைப் பறித்துக்கொண்டு அது மேலே ஏறி ஐந்து நிமிடம் ஆகிறது. நான் மலேசியாவில் இருந்து இரண்டு வாரத் தொண்டுப் பணிக்காக வந்திருக்கிறேன். காட்டை விட்டு ரோட்டுக்கு வந்துவிட்ட குரங்குகளுக்கு யாரும் தீனி போடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

கடைக்காரர் காதர் பாய் ஒரு ரம்புட்டானை நீட்டுகிறார். "இதக் காட்டுங்க, கீழ போட்டுரும்."

"வேணாம் பாய். கொடுக்கக் கூடாதுன்னு காலையில இருந்து நான்தானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சவூதில என் பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிக்கிட்டாரு. ரெண்டு வருசம் கெஞ்சுனேன். இவன் ஒரு பழத்துக்குத் தாரேங்கான். யோசிக்காதிய."

குரங்கு பாஸ்போர்ட்டின் ஒரு மூலையைக் கடிக்கிறது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் இன்று அறிவுரை சொல்லியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் பழத்தை வாங்கி நீட்டுகிறேன். பாஸ்போர்ட் என் காலடியில் விழுகிறது. அட்டையில் இரண்டு பல் தடம்.

"நம்ம ஊரு சீலும் விழுந்துட்டுல்லா," என்கிறார் பாய்.

கூட்டத்தில் இருந்து ஒரு பெண் சிப்ஸ் பாக்கெட்டோடு முன்னால் வருகிறாள். "எக்கா, இப்பம் நாங்களும் போடலாம்லா?"

பாய்தான் முந்திக்கொள்கிறார். "ஒங்க பாஸ்போர்ட்டத் தூக்கிட்டுப் போச்சுன்னா போடலாம்மா. அதுவர கூடாது."